பைலட் மிஸ்ஸும் பொய் சொன்ன பிள்ளையும்

தொலைபேசியில் நலம் விசாரிப்பதற்கு முன்பு எதிர்முனைக்குப் பரீட்சை வைத்தவர், மாத்தளை மாவட்டத்திலேயே பைலட் மிஸ் ஒருவர்தான்.

அவர் விமானம் ஓட்டியதில்லை. மாத்தளை டவுனில் ஒரு வாடகை மாடியில் இயங்கிய எங்கள் சிறிய வயர்லெஸ் ஆராய்ச்சிக் குழுவில் பொறியியலாளர். ரேடியோ அலை கிளம்பியபடியே போய்ச் சேர்வதில்லை. மலையில் மோதி, மரத்தில் தேய்ந்து, பஸ் தகரத்தில் தெறித்து, உருமாறித்தான் சேரும். அதனால் செய்திக்கு நடுவே, இரண்டு முனைக்கும் முன்பே தெரிந்த சில குறிகளை அனுப்புவார்கள். அவற்றுக்குப் பெயர் பைலட். தெரிந்த குறி எப்படிக் கெட்டு வந்தது என்று பார்த்து, தெரியாத செய்தியைத் திருத்திக்கொள்ளலாம்.

மிஸ் இதை மனிதர்களிடமும் செய்தார். யார் அழைத்தாலும் முதலில் "இது மாத்தளை, வெள்ளிக்கிழமை, மழை இல்லை" என்பார். அதைத் திருப்பிச் சொன்னால்தான் பேச்சு. பல்லேபொலவிலிருந்து மிஸ்ஸைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு அழைத்த ஓர் அம்மாவுக்கும் அதே பரீட்சைதான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று அந்த அம்மா பொறுமையாகத் திருத்தியிருக்கிறார்.

"நான் கெழமைய கேக்கலங்க. நான் பேசுறது எப்படி விழுதுன்னு கேட்டேன்."

சம்பந்தம் அதோடு நின்றது. லைன் சரியில்லை என்பதோடு மிஸ்ஸும் அதை மறந்துவிட்டார்.

வில்கமுவையில் உள்ள ஒரு சிறு மருத்துவ நிலையத்தை டவுன் டாக்டர்களோடு வீடியோவில் இணைப்பது எங்களுக்கு வந்த வேலை. வழக்கமான சூத்திரங்களை விட்டுவிட்டு, நியூரல் நெட்வொர்க் என்கிற கணினி நிரல் ஒன்றுக்கு அலையின் போக்கைக் கற்றுக்கொடுத்தோம். அனுப்பியது இது, வந்தது இது என்று ஏராளமாகக் காட்டினால் அதுவே பிடித்துக்கொள்ளும். சங்கடம் என்னவென்றால், டவுனில் படித்த நெட்வொர்க் வில்கமுவை வயலில் திருதிருவென்று விழித்தது. பைலட் குறிகளின் எண்ணிக்கையையோ இடத்தையோ மாற்றினால் மறுபடி முதலாம் வகுப்பு.

எந்த இடத்திலும், எத்தனை பைலட் கிடைத்தாலும், இருப்பதை வைத்துச் சமாளிக்கிற ஒன்றைத்தான் செய்ய வேண்டும் என்றார் மிஸ். அதற்கு "நம்ம புள்ள" என்று பெயரும் வைத்தார். அதன் படிப்புக்காக அன்டெனாக்களைத் தூக்கிக்கொண்டு மாவட்டமெங்கும் அலைந்தார். அவர் மடியில் இருந்ததற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் ஒரு பஸ் கண்டக்டர். வில்கமுவையில் ஒரு விவசாயியைக் கெஞ்சி, உழாத வயலில் டிராக்டரைச் சும்மா மேலும் கீழும் ஓட்டவைத்தார். தங்கை கல்யாணத்திலும் வாசலில் ரிசீவர் நின்றது. அலையைத் தெறிக்கவைக்கிற சரிகைச் சேலை அத்தனை ஒன்றாக நடமாடும் இடம் வேறெங்கே கிடைக்கும் என்பது அவர் நியாயம்.

செய்துகாட்டும் நாள் வந்தது. பணம் கொடுப்பவர்கள், மருத்துவ நிலையத்தின் டாக்டர், எங்கள் மேலாளர் எல்லோரும் வில்கமுவையில் கூடினார்கள். புள்ள பிரமாதமாக நடந்துகொண்டது. பைலட் குறிகளைக் குறைத்தோம், படம் குலையவில்லை. விருந்தினர்கள் தலையாட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, நெல் வெட்டும் பெரிய இயந்திரம் ஒன்று குறுக்கே வந்து வயலில் நின்றது. வீடியோ உறைந்துபோனது. ஆனால் பக்கத்துத் திரையில் அலையைப் பற்றிய புள்ளையின் கணிப்புக் கோடு வழவழவென்று அழகாக ஓடிக்கொண்டே இருந்தது. கேமராவில் ஏதோ கோளாறு என்று மேலாளர் சிரித்துச் சமாளித்தார்.

மிஸ் எழுந்தார்.

"கேமராவுல ஒண்ணும் இல்லங்க சேர். நம்ம புள்ள பொய் சொல்லுது. இப்படி ஒரு மெஷின அது பார்த்ததே இல்ல. தெரியலன்னு சொல்லத் தெரியாம, தெரிஞ்ச மாதிரி சொல்லுது."

மேலாளர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. வேனில் ஏறித் திரும்பினோம். திட்டம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். மிஸ் ஜன்னலோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

அடுத்த வாரம் அந்த டாக்டர் மேலாளரை அழைத்தார். படம் நின்றால் தான் காத்திருப்பேன், தப்பான படம் ஓடினால் நோயாளிக்கு ஆபத்து என்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாராம். எழுந்து நின்று பேசியவரையே அனுப்பும்படியும் கேட்டிருக்கிறார். பணம் கொடுப்பவர்களிடமும் அவரே பேசியிருந்தார்.

மிஸ் அறுவடை முடியும்வரை வில்கமுவையில் தங்கினார். தொப்பியும் ரிசீவருமாக நெல் வெட்டும் இயந்திரத்தின் பின்னாலேயே சுற்றினார். வயல்காரர்கள் அவருக்கும் சேர்த்துச் சோறு கட்டிவந்தார்கள். புள்ளைக்குப் புதுப் பாடமும் சேர்ந்தது. வரும் பைலட் குறிகளில் சிலவற்றை அதன் கண்ணில் காட்டாமல் மறைத்துவைத்து, அதன் கணிப்பை அவற்றோடு ஒப்பிடுவது. பொருந்தவில்லை என்றால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், வேலை பழைய சூத்திரத்துக்குக் கைமாறும். வேகம் குறையும், பொய் இராது. அந்த விளக்கு தன்னுடைய யோசனை என்று மேலாளர் இன்றைக்கும் விருந்தினர்களிடம் சொல்லிவருகிறார். மிஸ் மறுத்ததில்லை.

இணைப்பைப் பார்த்துக்கொள்ள அவர் அங்கேயே வீடெடுத்துக்கொண்டார். போன மாதம் வேறொரு காரியமாக அந்தப் பக்கம் போனேன். வில்கமுவைக்குப் பஸ் குறைவு. இறங்கினால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மிஸ்ஸைப் பார்ப்பதைத் தவிர அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

இறங்கிவிட்டேன்.