தேவதை ஆடிய புல்வெளி

ஓர்ச்சிங்காம் கிராமத்தில் தேவதைகள் ஆட்டம் போடுகின்றன என்ற சேதி பரவியதும் இங்கிலாந்தின் பாதி மூட்டுவலி அங்கே வந்து இறங்கியது.

அறுநூறு வயது ஓக் மரங்கள் நிற்கும் பாதுகாக்கப்பட்ட காடு. சுள்ளி பொறுக்கினாலும் அபராதம். பக்கத்துப் புல்வெளிக்கும் அதே சட்டம்தான். அங்கேதான் கரும்பச்சைப் புல் வளையங்கள் முளைத்தன. முதலில் பார்த்தவர் வெல்வெட் கோட்டு லயனல் வாஸ்பர்.

"காட்டுத் தேவதைங்க இறங்கி வந்து ஆடின இடம்ங்க இது! உள்ளே நில்லுங்க, வலி பறந்துடும்!"

தலைக்குப் பத்து பவுண்டு. தேவதைக்குப் பணம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் அல்லவா, அழகாக வரிசையில் நின்றார்கள்.

காட்டுக் காவலர் தெல்மா பர்க்கிஸ் நேரே புல்வெளிக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் புல்வெளியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவள் அவள். சத்தில்லாத மண்ணில்தான் அங்கே ஆர்க்கிட் பூக்கும். மண் கொழுத்தால் புல் பூவை விழுங்கிவிடும். வளையத்தில் ஒரு பூகூட இல்லை. மண்டியிட்டுப் புல்லை விலக்கினாள். வேரடியில் கரையாத வெள்ளைக் குருணைகள் கிடந்தன.

"இது உரம்!"

"உனக்கு நம்பிக்கை பத்தாது தெல்மா, அதான் தேவதை தெரியல" என்றாள் பக்கத்து வீட்டு மியூரியல். மூன்று தடவை காசு கட்டி நின்றவள்.

தெல்மா வீட்டுக்குப் போய்க் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து வாஸ்பரோடு எல்லாரையும் தன் வீட்டுக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். வெளிறிய புல்தரையில் கரும்பச்சையாக, மூக்கும் கைப்பிடியும் வைத்து, ஒரு பெரிய தேநீர் ஜாடி முளைத்திருந்தது.

"என்ன வாஸ்பர், தேவதைங்க ஆடிக் களைச்சு டீ குடிக்க வந்துட்டாங்களா? ரெண்டு படி உரம், நாலு மழை. அவ்வளவுதான் உங்க தேவதை!"

"இது போலித் தேவதை!"

"சரி, உங்க அசல் தேவதை ஆடப்போற இடத்தைக் காட்டுங்க. நாங்க மாத்தி மாத்திக் காவல் இருக்கோம். வளையம் வந்தா நான் வேலையை விட்டுடறேன்."

"சந்தேகப்படறவங்க பார்த்தா அவங்க ஆடமாட்டாங்க" என்று வாஸ்பர் காரை நோக்கி நடையைக் கட்டினார். மியூரியல் விடவில்லை. ஓடிப்போய் கார் டிக்கியைத் திறந்தாள். உள்ளே பாதி தீர்ந்த உர மூட்டை.

"அடப்பாவி! என் பணத்தை எடுடா!"

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. தெல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வளையங்களில் இனி எத்தனை வருஷம் கழித்து ஆர்க்கிட் பூக்குமோ என்று புல்வெளிப் பக்கம் பார்த்தாள். திரும்பினால், ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தேநீர் ஜாடிக்குள் நிற்கிறார்.

"இருமலுக்கு ஆகுமான்னு பார்த்தேம்மா..."

"ஐயா, உரம் போட்டா புல்லுதான் வளரும். மூளை வளரணும்னா நீங்களேதான் யோசிக்கணும்!"