எழுபத்து மூன்றாம் பாட்டில் உள்ள குறை

அறுபதுகளில் வந்த பாட்டுகளில் நூறைப் பொறுக்கி எடுத்து, ஐந்து சிடியில் அடைத்து, பெட்டியாக்கி விற்கும் ஐயா அவர்களுக்கு, சலூன்காரர் வீட்டம்மா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. உங்கள் பெயரைப் பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள், என் கண்ணுக்கு எட்டவில்லை, அதனால் ஐயா என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வீட்டுக்காரர் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், கடிதம் எழுதியும் வெகுநாள் ஆகிறது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், குறை இருந்தால் எழுதுங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். குறை இருக்கிறது. நான்காவது சிடியில் பதின்மூன்றாவது பாட்டு, மொத்தத்தில் எழுபத்து மூன்றாவது, அந்த ரயில் பாட்டு. அது நீளமாக இருக்கிறது.

விவரமாகச் சொன்னால்தான் புரியும். எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் நானும் என் அடுப்பும். ஒரு நாற்காலியில் வீட்டுக்காரர் வேலை செய்வார், இன்னொன்றில் அவருடைய பங்காளி. அவருக்கு இடதுகைப் பழக்கம், தெருவில் எல்லாருக்குமே அவர் இடதுகைதான். வீட்டுக்காரர் கடிகாரம் பார்த்து வேலை செய்ததில்லை. அவரே ரேடியோவிலிருந்து பிடித்த கேசட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், எல்லாம் அறுபதுகளின் பாட்டு. சவரத்துக்கு ஒரு பாட்டு, முடிவெட்ட மூன்று பாட்டு, கல்யாண மாப்பிள்ளை என்றால் ஒரு பக்கம் முழுக்க. அந்தப் பக்கத்தில் கடைசியாக வருவதுதான் ரயில் பாட்டு. முதல் சரணத்தில் அவன் வெள்ளிக்கிழமை ரயிலில் வந்துவிடுகிறேன் என்பான். இரண்டாவதில் அவள் வீட்டைப் பெருக்கி, கண்ணாடியைத் துடைத்து, குடத்தை நிரப்பி வைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பாள். அதோடு டக்கென்று ஒரு சத்தம், பாட்டு நின்றுவிடும். வீட்டுக்காரர் துணியை உதறி, "ஆச்சு" என்பார். முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கடையில் அந்தப் பாட்டுக்கு அதுதான் முடிவு.

அவர் அதைப் பிடித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்யாணமான புதிது. நான் பிறந்த வீட்டில் ரேடியோ கிடையாது, எனக்கு எந்தப் பாட்டும் தெரியாது. சத்தம் போடாதே, பதிவாகிறது என்று கையைக் காட்டிவிட்டு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் குடத்தை நிரப்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை, ஈரக் கையோடு கொல்லைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்து, "வந்துட்டானா?" என்று கேட்டேன். "டேப்பு தீந்துபோச்சு. ஆனா வந்துட்டான்" என்றார். நானும் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போனேன். அதற்கப்புறம் ரேடியோவில் எப்போதாவது அந்தப் பாட்டு வந்தால், இரண்டாவது சரணம் முடிவதும் அவருக்குச் செய்தி கேட்கத் தோன்றுவதும் ஒன்றாகவே நடக்கும். உலக விஷயத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

அவர் போன மூன்றாவது வாரம் கேசட் சிக்கிக்கொண்டது. இடதுகை அதை வெளியே இழுத்தார், இழுக்க இழுக்க வந்தது, கடைசியில் தரை முழுக்க நாடாவாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் முடிவெட்ட வந்து உட்கார, இவர் அவருக்கு வெட்டி முடித்துவிட்டு வழக்கப்படி தரையைக் கூட்டி, முடியையும் நாடாவையும் ஒன்றாக அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். நான் திண்டாடிப் போனேன் ஐயா. ஊரார் முடிக்குள் கையை விட்டு நாடாவை ஒரு முழம் ஒரு முழமாகப் பிரித்தெடுத்து, ஊதி ஊதித் துடைத்து, ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு மாதம் ஆகும் என்றார். ஆறு மாதம் ஆக்கினார்.

பாட்டில்லாமல் கடை களையிழந்துவிட்டது. வந்தவர்களெல்லாம் தங்கள் வியாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட என் மகள்தான் போன மாதம் உங்கள் பெட்டியை வாங்கி அனுப்பினாள். குறை சொல்லும்போது நிறையும் சொல்ல வேண்டும். முதல் சிடி போட்ட அன்றே கடை நிறைந்துவிட்டது. அறுபது தாண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பாட்டுக்காகத்தான் பரீட்சைக்குப் போகவில்லை என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் எந்தப் பெண்ணுக்காக என்று சொல்ல வந்து, கூட வந்த மருமகனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தலையில் ஒரு முடி இல்லாதவர்கள்கூட முடிவெட்ட வந்தார்கள். ஆனால் பாட்டுகள் பழைய வரிசையில் இல்லாததால் இடதுகைக்குக் கணக்குத் தப்பிவிட்டது. சவரத்துக்கு வந்த ஒருவர் மொட்டை மாதிரி திரும்பிப் போனார்.

அப்புறம் எழுபத்து மூன்றாவது பாட்டு வந்தது. நாற்காலியில் ரிட்டயர்டு தபால்காரர். நாற்பது வருஷ மீசை, இடதுகை ஓரம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம் முடிந்தது, டக் வரவில்லை, பாட்டு மேலே போயிற்று. தபால்காரரோ பழக்கத்தில், வேலை முடிந்ததென்று நினைத்து எழுந்துவிட்டார். கத்தி எழவில்லை. பாதி மீசை போய்விட்டது. எழுந்தவர் பதற்றத்தில் திசை தெரியாமல், வாசலுக்குப் போகாமல், பாட்டுப் பெட்டி இருக்கும் அலமாரியில் போய் இடித்துக்கொண்டார். "ஆடாதீங்க அண்ணேன்னு எத்தன தடவதான் சொல்றது" என்று இடதுகை சத்தம் போட்டார். வீட்டுக்குப் போனவரை அவர் வீட்டம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீதியையும் எடுத்துவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்தக் கலவரத்தில் யாருக்கும் பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் கையில் குடத்தோடு நின்று மூன்றாவது சரணத்தை முழுவதும் கேட்டேன். ரயில் வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், அவன் இல்லை. அவள் வீட்டுக்குப் போய் விளக்கை அணைக்கிறாள். முப்பத்திரண்டு வருஷமாக அவன் வந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தவள் ஐயா நான்.

எங்கள் வீட்டில் ரயில் இல்லை, பஸ். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவராகவே ஏறிப் போனார். நானும் வீட்டைப் பெருக்கினேன். கடைக் கண்ணாடி இரண்டையும் துடைத்தேன். இதற்கு மேல் எழுத வேண்டாம், பாட்டு உங்களிடமே இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கேசட் திரும்பி வந்தது. ரிப்பேர்க்காரர் ஒரு பென்சிலை விட்டுச் சுற்றிக் காட்டினார். "அக்கா, டேப்பு தீந்துபோச்சுன்னு சொன்னீங்களே. இன்னும் அஞ்சாறு பாட்டுக்கு இடம் இருக்கு. இங்க யாரோ கையால நிறுத்தியிருக்காங்க" என்றார். அப்படியா என்றேன். வீட்டுக்கு வந்துதான் உட்கார்ந்தேன்.

ஆகவே ஐயா, என் வேண்டுதல் இதுதான். அடுத்த முறை பெட்டி போடும்போது ரயில் பாட்டை இரண்டாவது சரணத்தோடு நிறுத்திவிடுங்கள். எங்கள் கேசட்டைக்கூட அனுப்புகிறேன், அதே இடத்தில் நிறுத்தலாம். மற்ற வீடுகளிலும் என்னைப் போலத் திரைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் இருப்பார்கள். மூன்றாவது சரணம் வேண்டுமென்பவர்கள் தனியாக எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இதைச் செய்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். மற்ற தொண்ணூற்றொன்பதிலும் குறை ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும், உங்களுக்கு முடி கொட்டாமல் இருக்கட்டும், இந்தப் பக்கம் வந்தால் இடதுகை நல்லபடியாக வெட்டிவிடுவார்.

இப்படிக்கு,
சலூன்காரர் வீட்டம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், விலாசம் சரிதானா என்று கேட்கத் தபால்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விலாசத்தோடு நிறுத்தாமல் கடிதத்தையும் படித்துவிட்டார். படித்தவர் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம், "நான் பழக்கத்துல எந்திரிக்கலம்மா. பாட்ட நிறுத்தத்தான் எந்திரிச்சேன்" என்றார். அந்தப் பாட்டு வந்தபோது இவர் வாலிபராம், ஊரெல்லாம் அதுதான் ஓடியதாம், மூன்றாவது சரணம் தெரியாதவர்களே கிடையாதாம். ஆனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் கத்தியை வைத்த பிறகு, "அவன் வரலன்னு எங்க வீட்டுல சொல்லிடாதீங்க" என்பாராம் வீட்டுக்காரர். அந்த நிலையில் யார்தான் மாட்டேன் என்பார்கள். முப்பத்திரண்டு வருஷம் இந்தத் தெரு முழுவதும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறது. இடதுகைக்குக்கூடத் தெரியுமாம், சிடியில் எத்தனையாவது பாட்டு என்பது மட்டும்தான் தெரியாதாம்.

அதனால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். பாட்டில் கை வைக்க வேண்டாம், அது முழுசாகவே இருக்கட்டும். இன்று காலை இடதுகையை நானே போடச் சொன்னேன். இரண்டாவது சரணம் முடிந்ததும் நாற்காலியில் இருந்தவர், காத்திருந்தவர்கள், பேப்பர் படிக்க வந்தவர் எல்லாரும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். உட்காருங்கள், எனக்குத் தெரியும் என்று திரைக்குப் பின்னாலிருந்து சொன்னேன். பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் உட்காரவில்லை. தபால்காரருக்கு மீசை லேசாக அரும்ப ஆரம்பித்திருக்கிறது.