வனஜா வீட்டு டிவிக்கு மணி பார்க்கப் போன கதை

எனக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம். அல்லது அப்படிச் சொன்னது நானாக இருக்கும். சின்ன வயதில் தங்கைக்கு அம்மை போட்டு, வீடே அவளுக்கு விசிறிக்கொண்டு நின்றபோது, எனக்கு ஏன் போடவில்லை என்று மூலையில் உட்கார்ந்து அழுதவள் நான். கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த பிறகும் அந்தக் குணம் என் கூடவே வந்துவிட்டது. (சீர்வரிசையில் அதை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.)

எதிர்வீட்டு வனஜாவுக்கும் எனக்கும் ஒரே தை மாதத்தில் கல்யாணம். இரண்டு பேருடைய வீட்டுக்காரர்களும் பட்டு நெய்கிறவர்கள். அவள் வீட்டிலும் ஒரு தறி, என் வீட்டிலும் ஒரு தறி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கும் இரண்டு. ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் அவளைவிட ஒரு படி மேலே இருந்தேன். என்னிடம் கடிகாரம் இருந்தது.

அப்பா சீராகக் கொடுத்த பெண்டுலம் கடிகாரம் அது. எட்டு நாளைக்கு ஒரு தடவை சாவி கொடுக்க வேண்டும். மணிக்கு மணி அடிக்கும், அரை மணிக்கு ஒரு அடி அடிக்கும். தினமும் காலையில் ரேடியோ மணியை வைத்து நான்தான் அதைச் சரிபார்ப்பேன். தெருவே என் வாசலில் வந்து நேரம் கேட்கும். எங்கள் தெருவில் புதுப் பாவு, அதாவது புடவைக்கான நீளவாட்டு இழைகள், தறியில் ஏற்றினால் ராகு காலம் பார்க்காமல் ஒரு இழைகூட நெய்ய மாட்டார்கள். "அலமு, ராகு காலம் முடிஞ்சிருச்சா பாரும்மா" என்று குரல் வரும். நான் உள்ளே போய்ப் பார்த்து, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு (சும்மாதான், ஒரு கெத்துக்கு), "இன்னும் மூணு நிமிஷம் இருக்குது, பொறுங்க" என்பேன். அந்த மூன்று நிமிஷமும் ஒரு தறி என் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

மெட்ராசில் தொலைக்காட்சி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கப்பலில் வேலை பார்த்த வனஜாவின் அண்ணன் ஒரு டிவியைக் கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்கினார். இரண்டு பக்கமும் மரக்கதவு வைத்து, பூட்டு போட்டுப் பூட்டுகிற பெட்டி. மெட்ராஸ் அலையைப் பிடிப்பதற்காக அவள் வீட்டுக் கூரைமேல் நட்ட கம்பம் பெருமாள் கோயில் கொடிமரத்தோடு போட்டி போட்டது. அன்று முதல், பாவு ஏற்ற ராகு காலம் கேட்பதைத் தவிர, தெருவில் யாரும் என்னிடம் மணி கேட்கவில்லை. "செய்தி ஆரம்பிச்சாச்சு, ஏழரை ஆயிருக்கும்" என்று எதிர்வீட்டை வைத்து அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

நான் அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எடுக்கவில்லை. ஆறு மணி அடித்ததும் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் எதிர்வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கு அதில் துளியும் ஆசை இல்லை என்று கதவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்வதற்கென்ன, நன்றாகவே எரிந்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. அந்த டிவியில் எதுவுமே சொன்ன நேரத்துக்கு வருவதில்லை! ஏழு மணி நாடகம் என்பார்கள். ஏழேகாலுக்கும் யாரோ ஒருவர் உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பேச்சு நீளும், பந்தாட்டம் நீளும், இல்லாவிட்டால் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு பலகையை வைத்துவிட்டு எல்லோரும் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். சனிக்கிழமை போட வேண்டிய நாடகத்தை எதிர்பார்த்துத் தெருவே உட்கார்ந்திருந்தால் யாரோ ஒருவர் மிருதங்கம் வாசிப்பார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தெருவில் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் வெளியே வந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிறாற்போல் சொல்வேன்.

"இன்னும் ஆரம்பிக்கலியா? எங்க வூட்ல ஏழு அடிச்சு இருபது நிமிஷம் ஆச்சே!"

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். எட்டாம் நாள், மூன்றாம் வீட்டு சம்பந்தம் அண்ணன் வனஜா வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். அவருக்கு வாய் நெசவைவிட வேகம்.

"அவ்வளோ பெரிய டிவி நிலையத்துல கடியாரம் இல்லாமயா இருக்குது? உன் கடியாரம்தாம்மா ஃபாஸ்ட்டா ஓடுது!"

உள்ளே கொல்லென்று சிரிப்பு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருக்கு அப்போதுதான் ஒரு நினைப்பு வந்தது.

"அட, இரு இரு! போன மாசம் வெள்ளிக்கிழமை இவ பன்னண்டு அஞ்சுன்னு சொல்லித்தானே நான் பாவு ஏத்தனேன்? கடியாரம் ஃபாஸ்ட்டுன்னா அப்ப ராகு காலம் முடியவே இல்லியே! அதான் அந்தப் பாவுல இழை இழையா அறுந்துக்கினே இருக்குதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து, அவர்கள் பாவு ஏற்றிய நாளில் நான் என்ன மணி சொன்னேன் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தெருவில் எந்த இழை அறுந்தாலும் அதற்கு என் கடிகாரம் பொறுப்பு என்றாகிவிட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா கொடுத்த கடிகாரத்தைப் பொய்யென்று சொல்லிவிட்டார்கள். அதுவும் வனஜா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வனஜா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு!

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு நாள் என்று முடிவு செய்தேன். அன்று ஐந்தரைக்குப் படம். ஊரே கூடும். அத்தனை பேர் எதிரில் யார் நேரம் தவறுகிறார்கள் என்று காட்டிவிட வேண்டும். சம்பந்தம் அண்ணனையே சாட்சிக்கு அழைத்து, மத்தியானம் ரேடியோ மணி அடித்தபோது முள்ளைச் சரியாக வைத்தேன். அவரும் பார்த்துத் தலையாட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஐந்து மணிக்கு நான் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன்.

"இன்னா பண்றே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எதிர்வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

"அதுக்கு ரேடியோவை எடுத்துக்கினு போனாப் போதாதா? கைக்கு அடக்கமா இருக்குது. கடியாரத்தை அசைச்சா நின்னுடும்."

நல்ல யோசனைதான். ஆனால் ரேடியோ எல்லோர் வீட்டிலும் இருந்தது. அதைக் கொண்டுபோய் நான் என்ன பெருமைப்படுவது? என் கடிகாரம் அந்த டிவிக்கு எதிரில் போய் நிற்க வேண்டும், வனஜா அதை நிமிர்ந்து பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெண்டுலம் நின்றுவிடாமல், கடிகாரத்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத் தெருவைக் கடந்தேன். சாமி புறப்பாட்டில்கூட அவ்வளவு நிதானமாக யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

வனஜா வீட்டில் ஜன்னலெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் ஒரு பூவின் படம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. வீணை கேட்டது. நான் கூட்டத்துக்குள் வழி பண்ணிக்கொண்டு போய், எல்லோருக்கும் தெரிகிறாற்போல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வனஜா சமையலறை வாசலில் செம்போடு நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். நான் இதற்காகத்தானே வந்தேன்!

டங் என்று என் கைக்குள்ளேயே கடிகாரம் அடித்தது.

"கேட்டுக்கினீங்களா? அஞ்சரை! எங்கே படம்? சம்பந்தண்ணே, இப்ப சொல்லுங்க, யாரு ஃபாஸ்ட்டு, யாரு ஸ்லோ?"

பூ அப்படியே நின்றது. ஐந்து முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பத்து நாலு. ஒவ்வொரு நிமிஷத்தையும் ஏலம் விடுகிறவனைப் போல் உரக்கச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து யாரோ, "முள்ளு தெரியலம்மா" என்றார்கள். கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் தெரியட்டும் என்று ஓரடி பின்னால் வைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். வீட்டுக்கு வீடு அந்தக் குழி உண்டு. இருட்டில்கூட யாரும் விழ மாட்டோம், காலுக்கே தெரியும். ஆனால் என் காலுக்குத் தெரிந்தது என் வீட்டுக் குழி. என் வீட்டில் அது இடது கைப்பக்கம், எதிர்வீட்டில் வலது கைப்பக்கம், டிவிக்குச் சற்றுத் தள்ளி. சபதம் போட்டு ஒரு வருஷமாக வாசற்படி மிதிக்காதவளுக்கு அது எப்படி நினைவிருக்கும்?

நான் குழிக்குள் உட்கார்ந்தேன். கடிகாரம் கையை விட்டுப் பறந்து, தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவின்மேல் விழுந்தது. பட்பட்டென்று இழை அறுகிற சத்தம் கேட்டது. நெசவு வீட்டில் பிறந்தவளுக்கு அந்தச் சத்தம் எலும்பு முறிகிறாற்போல. அதற்குமேல், விழுந்த வேகத்தில் உள்ளே எதுவோ கழன்று, கடிகாரம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. நிற்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். பன்னிரண்டைத் தாண்டியதும் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதினேழில் நின்றது.

சரியாக அந்த நொடியில் டிவியில் படம் ஆரம்பித்தது.

நாற்பது தலையும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டன. என் வீட்டுக்காரர் தலையும்தான். அவர் முதல் வரிசையில் இருந்தார். நான் குழிக்குள் கால் மடங்கி, தலைமேல் அறுந்த பட்டிழை தொங்க உட்கார்ந்திருக்கிறேன், அவர் பெயர்கள் போடுவதைப் படித்துக்கொண்டிருக்கிறார்! வனஜா ஒருத்திதான் செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கை கொடுத்தாள்.

"படம் கரெக்ட்டா பதினேழு மணிக்கு ஆரம்பிச்சுதுப்பா" என்றார் சம்பந்தம் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம். தெருவுக்கே பார்த்துச் சொல்றவ, தனக்குப் பார்த்துக்கலியே!"

உண்மைதான். நாலு வருஷம் ஊருக்கெல்லாம் ராகு காலம் சொன்னவள், பொறாமையில் ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்துபோனேன்.

தறியில் இருந்தது வனஜாவின் நாத்தனாருக்குக் கூறைப்புடவை. முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. பாவில் ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் அறுந்து கிடந்தன. வனஜா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தில் போய் விழுந்திருக்கிறேன்.

மறுநாள் காலை நானே போய் அந்தத் தறி முன்னால் உட்கார்ந்தேன். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முடி மாதிரி மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, முறுக்கிச் சேர்த்தேன். ஐந்து நாள் ஆயிற்று. ஐந்து நாளும் மாலையில் டிவிக்கு எதிரிலேயே வேலை. எந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்றேனோ, அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எனக்கு இடம் கிடைத்தது.

அப்போதுதான் வனஜா படுகிற பாட்டைப் பார்த்தேன். ஆறு மணிக்குக் கூட்டம் வந்துவிடும். நிகழ்ச்சி வராது. வருகிற வரைக்கும் அவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள். தண்ணீர், மோர், விசிறி. நிகழ்ச்சி அரை மணி நேரம் தள்ளிப்போனால், அவள் வீட்டில் அடுப்பும் அரை மணி நேரம் தள்ளிப்போகும். கூட்டத்தைத் தாண்டித் தறியில் உட்கார முடியாமல், சாயங்கால நெசவே நின்றுபோயிருந்தது.

"நீ கடியாரத்தைத் தூக்கிக்கினு வந்தியே, அன்னிக்கு எனக்கு இன்னா சந்தோஷம் தெரியுமா?" என்றாள். "லேட்டுன்னு நீ சொன்னா நாலு பேராச்சும் எழுந்து வூட்டுக்குப் போவாங்கன்னு பார்த்தேன். நீ இன்னாடான்னா எங்க வூட்லயே குழியில எறங்கிட்டே."

இதைக் கேட்டு என் பொறாமை போயிருக்க வேண்டும், இல்லையா? போகவில்லை. இப்படி அலுத்துக்கொள்ள எனக்கு ஒரு டிவி இல்லையே என்றுதான் தோன்றியது.

புடவை முகூர்த்தத்துக்கு முதல் நாள் தறியிலிருந்து இறங்கியது. கல்யாணப் பெண் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தபோது, நான் தாலியைப் பார்க்கவில்லை, நான் சேர்த்த இடம் தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். தெரியவில்லை. வனஜா கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு ஈடாக எதையும் கொடுத்திருப்பேன்.

கடிகாரத்தை ரிப்பேர் செய்துவிட்டோம். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எது தாமதமானாலும், பஸ்ஸானாலும் சாம்பாரானாலும், "பதினேழு மணிக்கு வரும்" என்பதுதான் பேச்சு. பல வருஷம் கழித்து வந்த மருமகள்கூட முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் கல்யாணத்தன்றே அது அவள் காதில் விழுந்திருந்தது. மணமேடையில் ஃபோட்டோ எடுக்கிறவர் வர நேரமாகி, "எப்பதான் வருவாரு?" என்று நான் சலித்துக்கொள்ள, பக்கத்தில் நின்ற வனஜா, "பதினேழு மணிக்கு வருவாரு. நீ மட்டும் பின்னாடி போகாதே" என்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஃபோட்டோக்காரர் வந்து அப்படியே எடுத்துவிட்டார்.

அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், என்ன ஒரு சிநேகிதம் என்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். ஆனால் எப்போது பார்த்தாலும் என் கண் முதலில் போகிற இடம் அவள் புடவைதான். மாப்பிள்ளைக்கு அம்மா நான். என் புடவையைவிட அவள் புடவைக்கு இரண்டு விரல்கடை அகலமான ஜரிகை.