புரோக்கர் அண்ணை போனுக்குப் பார்த்த சம்பந்தம்

ஒரு கைத்தொலைபேசிக்குள் எந்த ஒப்பரேற்றிங் சிஸ்டத்தைப் போடுவது என்பதை, கண்ணாடி போட்ட கெட்டிக்காரர்கள் மேசையைச் சுற்றி இருந்து கணக்குப் பார்த்துத் தீர்மானிப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அதைவிடப் பெரிய மடத்தனமும் என்னிடம் ஒன்று இருந்தது. தீர்மானிக்கிற ஆள் தமிழ் ஆளாக இருந்தால் நான் எழுதிய சிஸ்டத்தைத்தான் எடுப்பார் என்றும் நம்பினேன்.

அந்த ஆள் புரோக்கர் அண்ணை. உலகத்தில் எந்த இரண்டு பொருளைக் காட்டினாலும் அவற்றுக்குக் கலியாணம் பேசக்கூடிய ஒரே மனிதர். அலுவலகக் கோப்பி மெசினுக்குப் புது வடிகட்டி வாங்கினால்கூட, "ரெண்டும் ஒத்துப்போகுமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை உடைக்க விடுவார்.

சனி ஞாயிறுகளில் அவர் உண்மையாகவே கலியாணம் பேசுகிறவர். டோர்செட் பார்க்கில் அவர் குடியிருந்த மாடிக் கட்டிடத்தின் லோண்டரி அறையிலேதான் தொழில். மெசின் உடுப்பைத் தோய்த்து முடிப்பதற்குள் இவர் இரண்டு சாதகத்தைப் பொருத்தி முடித்துவிடுவார். கிழமை நாட்களில் ஸ்காபரோவில் எங்கள் போன் கம்பனியில் வேலை. வெளியார் விற்கவரும் மென்பொருளைப் பார்த்து, எடுக்கலாமா விடலாமா என்று சொல்வது. இரண்டு வேலைக்கும் அவர் ஒரே மூளையைத்தான் பாவித்தார். எங்கள் டிரெக்டர், ஒரு வெள்ளைக்கார அம்மா, நாங்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுதான் பெயர் என்று நினைத்து "மிஸ்டர் புரோக்கர்" என்பார். அண்ணை ஒருநாளும் திருத்தியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. போனும் டயறியும் ஒன்றாகச் சேர்ந்த புதுவகைப் போன் ஒன்றைச் செய்யக் கம்பனி கிளம்பியது. உள்ளே இருந்து அதை நடத்தும் சிஸ்டத்துக்கு மூன்று இடம் வந்தது. ஒன்று அமெரிக்காவின் பெரிய வீடு. மற்றது இங்கிலாந்தில் சட்டைப்பைக்குள் வைக்கும் கொம்பியூட்டர் செய்தவர்கள். மூன்றாவது வீட்டுப் பிள்ளை. எங்கள் பகுதி எழுதியது, அதில் பெரும்பங்கு நான். வெளிச் சம்பந்தம் முடிந்தால் எங்கள் பகுதியை இழுத்து மூடிவிடுவார்கள் என்று கதை அடிபட்டது. நானோ அப்போதுதான் விட்பியில் வீடு வாங்கியிருந்தேன். புல்லு வெட்டும்போதுகூட, இது இனி ஆருடைய புல்லோ என்று யோசித்துக்கொண்டே வெட்டினேன். வரிசை கோணலாக வந்தது.

முதலில் அமெரிக்காக்காரர் கோட்டும் சூட்டுமாக வந்து சுவர் முழுக்கப் படம் போட்டுக் காட்டினார்கள். அண்ணை எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: போனைத் திறந்ததும் திரையில் முதலில் வருவது யாருடைய பெயர்? தங்களுடையது என்றார்கள். அவர்கள் போனதும் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே தம்பி, கலியாணம் முடியமுதலே வாசலிலை தங்கடை பெயரை எழுதப் பாக்கினம். நாளைக்கு எங்களை வீட்டோடை மாப்பிளை ஆக்கிப்போடுவினம்."

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை."

"அந்தரப்படாதையும். பெரிய வீடு. அவையின்ரை சாமான் இல்லாத ஒபிஸ் எங்கை இருக்கு?"

இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஒரே ஒரு மனிதர், மழைக்கோட்டுடன். வேறு எங்கெல்லாம் பேசியிருக்கிறீர்கள் என்று அண்ணை கேட்டார். எங்களுக்குப் போட்டியாகப் போன் செய்பவர்கள் சிலர் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"கூட்டுக் குடும்பம்," என்றார் அண்ணை என் காதுக்குள். "எதிரியளோடை ஒரே அடுப்பிலை சமைக்கவேணும். ஆனால் பிள்ளை அடக்கம். கொஞ்ச மெமரி குடுத்தாலும் காணும், பற்றறியைத் தின்னாது."

மறுநாள் அவரை டோனட் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணை, வீட்டிலை பிள்ளை இருக்க வெளியிலை ஏன் பாக்கிறியள்? எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை."

"சொந்தத்துக்கை கட்டிறதிலை உதுதான் வில்லங்கம். குறை இருந்தாலும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

"என்ன குறையைக் கண்டியள்?"

"இனித்தான் பாக்கவேணும். லாப்பிலை வைச்சுப் பாத்தால் எல்லாப் பிள்ளையும் நல்ல பிள்ளை. கலியாண வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் குணம் தெரியும். வாற ஞாயிறு நான் பேசின கலியாணம் ஒண்டு இருக்கு. நீரும் வாரும். மூண்டு போனும் வருகுது."

பகிடி என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனால், அண்ணை பட்டு வேட்டியுடன் வாசலில் நின்று பன்னீர் தெளித்தார். கூடவே மாதிரிப் போன்களையும் பங்கிட்டார். அமெரிக்கப் போன் மாப்பிள்ளையின் மாமாவுக்கு. இங்கிலாந்துப் போன் தன் மடிக்குள். வீட்டுப் பிள்ளை என் கையில்.

ஐயர் பிள்ளையார் பூசையை முடிப்பதற்குள் மாமாவின் போனுக்குப் பற்றறி இறங்கிவிட்டது. "இதென்ன, கல்லோ?" என்று கேட்டு, தட்டிலிருந்த வெற்றிலை காற்றில் பறக்காமல் அதைப் பாரமாக வைத்தார். அண்ணையோ தன்னுடையதில் ஒரு தகப்பனுடன் கதைத்துக்கொண்டே, இன்னொரு பெட்டையின் நட்சத்திரத்தை அதிலேயே பதிந்துகொண்டிருந்தார்.

என் பிள்ளையும் அதுவரை சமர்த்தாகத்தான் இருந்தது. முக்கியமான கட்டத்தில் விழிப்பாக நிற்கவேண்டும் என்று அதில் ஒரு அலாரம் வைத்திருந்தேன். பொம்பிளை கூறைச்சேலையுடன் வந்து இருந்தாள். மேளம் ஓய்ந்து ஐயரின் மந்திரம் மட்டும் கேட்டது. அலாரம் அடித்தது. அதே கணம், கார் நிறுத்தப் போன என் மனைவி, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க எனக்குப் போன் எடுத்தாள். ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்து பழகிய என் சிஸ்டம் இரண்டையும் ஒன்றாகக் கண்டதும் விறைத்துப்போனது. திரை அசையவில்லை. பொத்தான்கள் வேலை செய்யவில்லை. மணி மட்டும் நிற்கவில்லை. மாதிரிப் போன் என்பதால் பற்றறியை ஆணி போட்டு முறுக்கியிருந்தோம், கழற்றவும் வழியில்லை.

சால்வையால் சுற்றினேன். அதன்மேல் ஏறி இருந்தேன். இப்போது மணி எனக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பினார்.

"தம்பி, உதை நிப்பாட்டும்."

"நிப்பாட்டத் தெரியேல்லை அங்கிள்."

"நிப்பாட்டத் தெரியாட்டி ஏன் வாங்கினனீர்?"

"வாங்கேல்லை. நான்தான் செய்தனான்."

மணவறைப் பக்கம் நின்ற அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மேளக்காரரைப் பார்த்து விரலை உயர்த்தி ஆட்டினார். கூடாத சத்தம் மணமக்கள் காதில் விழாமல் மறைக்கத்தானே கெட்டிமேளம். தவில் இடிபோல இறங்கியது. ஆனால் கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனத்துக்குக் கை தானாக எழும்பும். மண்டபம் முழுக்க, தூவ வைத்திருந்த அறுகரிசி பறந்தது. ஐயர் பழக்கதோசத்தில் தாலியை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வாங்கிக் கட்டியேவிட்டார். நல்ல நேரம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

மேளம் நின்றபோது என் போனும் களைத்து நின்றுவிட்டது. பொம்பிளையின் தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தபடி எழும்பினார். "அண்ணை, நேரம்..." என்று தொடங்கினார்.

அண்ணை அசையவில்லை. "இஞ்சை கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். இவங்கடை மணிக்கூட்டை நம்பியே நாங்கள் முகூர்த்தம் பாக்கிறது?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் நேரம் இன்னும் மோசமாகத்தான் பிழைக்கும். ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அப்பளம் பொரிக்கும் மணம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை டிரெக்டர் முன்னால் கூட்டம். அண்ணை என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: வீட்டுப் பிள்ளை நல்லதுதான், ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மயங்கி விழும், இந்தப் போனுக்குச் சரிவராது. இங்கிலாந்து இடத்தையே முடிக்கலாம்.

நான் மேசைக்குப் போய்ப் பெட்டி ஒன்றை எடுத்து, கோப்பிக் கோப்பையை உள்ளே வைத்தேன். குடும்பப் படத்தை வைத்தேன். கம்பனியின் ஸ்ரேப்ளரையும் வைத்தேன், கோபம்தான். அண்ணை வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கை வெளிக்கிட்டீர்?"

"அவை அனுப்பமுதல் நானாப் போறன். நீங்கள் நல்லா இருங்கோ."

"ஸ்ரேப்ளரை வைச்சிட்டுப் போம்," என்று சொல்லிவிட்டுக் கோப்பி எடுக்கப் போய்விட்டார்.

நான் போகவில்லை. போவதற்குத் துணிவு வேண்டுமே. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க மழைக்கோட்டு மனிதர் திரும்பவும் வந்தார். என் கையைக் குலுக்கி, நீங்கள்தானா அந்தப் பகுதி என்று கேட்டார். எது என்றேன். உங்கள் மிஸ்டர் புரோக்கர் முதல் நாள் என்னை வழியனுப்ப வந்தபோதே சொல்லிவிட்டார் என்றார்: உள்ளே ஓடுவது உங்கள் சிஸ்டமாக இருக்கட்டும், திரையில் தெரிவதெல்லாம் எங்கள் பிள்ளைகள்தான் எழுதுவார்கள், சம்மதம் இல்லையென்றால் பேச்சே வேண்டாம். அதற்காகத் தங்களோடு விடாமல் சண்டை பிடித்தாராம்.

என்னிடம் அண்ணை அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கம்பனி இங்கிலாந்து சிஸ்டத்தை எடுத்தது. திரையை நாங்கள் எழுதினோம். எங்கள் பகுதியில் ஒருவருக்கும் வேலை போகவில்லை.