கரி பஸ் பைலட்

தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே பஸ் ஓட்டியவர்களில், சாலையைவிட ஆகாயத்தை அதிகம் பார்த்தவர் எங்கள் பைலட்தான். அப்படியும் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட அவர் அடித்ததில்லை.

பைலட் என்றால் விமானி அல்ல. யுத்தத்தின்போது பர்மாவில் விமானங்களில் மூட்டை ஏற்றி இறக்கியவர். திரும்பி வந்ததும் கரியில் ஓடும் பஸ்ஸுக்கு டிரைவரானார். நான் அதே பஸ்ஸில் கண்டக்டர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவருக்கு டிக்கெட் முக்கியமில்லை, எடைதான் முக்கியம். ஏறுகிறவர்களைக் கண்ணாலேயே எடை போட்டு இடம் மாற்றுவார். ஒருநாள் சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி ஒருவர் கடைசி சீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, முன்னால வாங்க. நீங்க அங்கன இருந்தா வண்டி மூக்கைத் தூக்கிரும்.”

“பஸ்ஸுக்கு ஏதுய்யா மூக்கு?”

“மூக்கு இல்லாம எப்படி எந்திரிக்கும்?”

வியாபாரி பயந்துபோய் இறங்கியே விட்டார்.

பாலத்து மேட்டில் கரி வண்டிகள் எல்லாம் திணறும். மற்ற டிரைவர்கள் பயணிகளை இறக்கித் தள்ளச் சொல்வார்கள். பைலட்டுக்கு அது கௌரவக் குறைச்சல். “கொஞ்ச ஓட்டம் போதும்” என்று வண்டியைப் பின்னால் எடுத்து, பிரேக்கை மிதித்தபடியே எஞ்சினை அலறவிட்டு, சட்டென்று காலை எடுப்பார். பஸ் மேட்டின்மேல் பாயும். ஒருமுறை கூரைமேல் இருந்த கூடை திறந்து, கோழிகள் நிஜமாகவே பறந்தன.

சாயந்திரம் எல்லோரும் வீட்டுக்குப் போவோம். அவருக்குப் போக வீடில்லை. அவர் பர்மாவில் இருந்தபோதே தாயார் இறந்துபோனார். ஷெட்டிலேயே பொங்கித் தின்றுவிட்டு, பஸ்ஸோடு பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் கரி கொட்டும்போது என்னிடமும் பேசினார்.

“காட்டை வெட்டி விமானம் இறங்கத் தரை போட்டிருந்தோம் தம்பி. நம்ம கம்பத்துத் தெரு ஒண்ணு நீளந்தான் இருக்கும். அங்கன இறங்க மத்த விமானிக யோசிப்பாக. ஒருத்தர் மட்டும் மழையிலயும் வருவாக. ஒல்லியா, சின்ன வயசு. அரிசியை இறக்கிட்டு, அடிபட்ட ஆளுகள ஏத்திக்கிட்டு, ஒரே மூச்சுல எந்திரிச்சிருவாக. அவுக பாஷை எனக்குத் தெரியாது. பாதி சிகரெட்டை எங்கிட்டக் குடுத்துட்டுச் சிரிப்பாக.”

“அப்புறம்?”

“ஒருநாள் போனாக. வரலை.”

அடுத்த மாதம் உத்தமபாளையம் தாண்டி வரும்போது ஒரு விமானம் தாழ்வாக வந்தது. பைலட் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திக் குதித்தார். அறுவடையான வயலுக்குள் ஓடி, துண்டை இரண்டு கையாலும் வீசினார்.

“இங்கன! இங்கன இறக்குங்க!”

பயணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விமானம் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் மறைந்தது. அவர் துண்டை இறக்கவில்லை. பஸ்ஸுக்குள் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. நான் வயலுக்குள் இறங்கிப் போனேன்.

“அவுக இல்லைன்னு தெரியும் தம்பி. சத்தம் கேட்டா உக்காந்திருக்க முடியலை” என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அவுக ஆத்தாகிட்ட யாராச்சும் சொல்லியிருப்பாகளா? எத்தனை பேரைக் காப்பாத்துனாகன்னு?” என்று கேட்டார்.

அன்று சாயந்திரம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பட்டாளத்து ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விமானியின் பெயர் அவருக்குத் தெரியாது. ‘ஒல்லியாக இருப்பார், மழையிலும் வருவார்’ என்றே எழுதிப் போட்டோம். பதில் வரவில்லை. எப்படி வரும்?

அதிலிருந்து தினமும் முதல் டிரிப்புக்கு முன்னால் கேட்பார்.

“பதில் வந்துச்சா தம்பி?”

“நாளைக்கு வந்துரும்ணே.”

அதைக் கேட்டபிறகுதான் வண்டியை எடுப்பார். காய்ச்சலில் படுத்து அவர் கண்ணை மூடிய வாரம்வரைக்கும் அது நடந்தது.

கண்டக்டர் வேலையில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. அந்த ஒரு பொய்யை மட்டும் இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.