மைத்துனர் சிலையின் கால்கள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். உங்கள் தங்கை நான்கு நாளாக உங்கள் போனை எடுக்காததற்குக் காரணம் நான்தான். இதைப் போனில் சொல்லலாம் என்றால் அவள் காது இந்த வீட்டின் எல்லா அறைகளிலும் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சிலைக்குப் பிசைந்த புட்டியின் நெடியில் எனக்குக் கண் மங்குகிறது.

உங்கள் பணிநிறைவு விழாவுக்கு உங்களையே ஒரு சாண் உயரச் சிலையாகச் செய்து அசத்தலாம் என்று இறங்கினேன். முதலில் கம்பியில் எலும்புக்கூடு கட்ட வேண்டும், அதன்மேல் இரண்டு வகை எபாக்ஸி புட்டியைச் சரிபாதி பிசைந்து அப்ப வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் மூக்கும் முழியும் முடிந்துவிட வேண்டும், அப்புறம் உளி வைத்தாலும் அசையாது. உங்கள் தொப்பைக்கு மட்டும் மூன்று முறை பிசைந்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து டீ குடித்துவிட்டுப் போன கையோடு காலுக்குப் புட்டி பிசைந்துவிட்டுப் பார்த்தால், காலுக்குக் கம்பியே இல்லை. புட்டியோ இறுகுகிறது. மேசையில் என் பழைய கண்ணாடி கிடந்தது. காதில் மாட்டும் கம்பிகள் இரண்டையும் வெட்டிச் செருகினேன். நுனி வளைவு உங்கள் பாதத்துக்கு அளவெடுத்தது போல் இருந்தது. மீதியைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தால் உள்ளேயிருந்து சத்தம்: "என் கண்ணாடி எங்க?"

அவளுடையது, என் பழசு, என் புதுசு எல்லாம் ஒரே கடையில், ஒரே மாதிரி எடுத்தவை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பே வந்துவிட்டது. "எங்க அண்ணன்தான்! கையில கெடைச்ச கண்ணாடிய மாட்டிட்டுப் போறது அவருக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம். கேட்டா ஒத்துக்கவும் மாட்டாரு. விழாவும் வேணாம், ஒண்ணும் வேணாம், நான் வரல!" நான் "இருக்கும்" என்றேன். அந்த ஒரு சொல்தான் நான் செய்த பாவம்.

அவள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கண்ணாடி உங்களிடம்தான் இருக்கிறது, முழங்காலுக்குள். எடுக்க வேண்டுமென்றால் உங்கள் காலை ஒடிக்க வேண்டும். ஆகையால் பெரிய மனது பண்ணி, "நான்தாம்மா தெரியாம எடுத்துட்டேன், வழியில தொலைஞ்சுபோச்சு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் போன் அடிக்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

உங்கள் துணைவியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு இந்த மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
குற்றவாளியாகிய
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் பார்சல் வந்தது. உள்ளே அவளுடைய கண்ணாடியும், தெரியாமல் மாட்டிக்கொண்டு வந்துவிட்டதாக உங்கள் சீட்டும். "நான் சொல்லல?" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவள், இப்போது உங்களோடுதான் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே ஒப்புக்கொண்ட குற்றத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்படியானால் நான் வெட்டியது யாருடையது என்று, என் மூக்கில் இருப்பதைக் கழற்றிப் பார்த்தேன். கீறல் விழுந்த அந்தப் பழசு. புட்டி நெடிமேல் வீண்பழி போட்டுவிட்டேன். விழாவில் சிலையைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளுங்கள், என் கண்ணாடி உங்களிடம்தான் இருக்கிறது.