எதிர்ப்பு அண்ணைக்கு ஒரு வழிமொழிவு

எதிர்ப்பு அண்ணை இருந்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி நடந்திருந்தால், அந்த நேரம் அவர் கழிப்பறைக்குப் போயிருப்பார்.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை, எண்பதுகளின் நடுவில், பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் முன்னறையில் பிறந்தது. கதிரை போதாமல் பாதிப்பேர் மாடிப்படியில் இருந்தோம். கிளையைத் தொடங்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் எதிர்க்கிறன்."

"என்ன அண்ணை, நீங்கள்தானே எல்லாருக்கும் போன் எடுத்துக் கூப்பிட்டனீங்கள்?"

"அது வேறை, இது வேறை. எதிர்ப்பில்லாட்டி அதுக்குப் பேர் கூட்டமில்லை, செத்தவீடு."

அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போய்விட்டது.

பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து, சீருடையோடு நேரே கூட்டத்துக்கு வருவார். குடும்பம் ஊரில். எங்களை விட்டால் லண்டனில் அவருக்கு ஆளில்லை. கிளையின் யாப்பை, அதாவது சட்டவிதிகளை, எழுதியவரும் அவர்தான். எதிர்ப்பையும் ஒருவர் வழிமொழிய வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று தனக்குத்தானே விலங்கு பூட்டி வைத்திருந்தார். ஒருவரும் வழிமொழிவதில்லை. அவரும் விடுவதில்லை. விருந்துக்குப் புரியாணி என்றாலும் எதிர்த்தார், இடியப்பம் என்றாலும் எதிர்த்தார். ஒருமுறை குறும்புக்கு அவரையே தலைவராக்க முன்மொழிந்தோம். எழும்பினார்.

"இந்த ஆளை எனக்கு வடிவாத் தெரியும். நம்ப ஏலாது."

தொண்ணூறுகளில் சண்டை வந்தது. கூட்டம் தங்கள் பக்கம் நடக்கவேண்டும் என்றார்கள் நகரின் தென்மேற்கு மூலையில் இருந்த விம்பிள்டன்காரர். "ட்யூப் ரயில் மாறி மாறி ஆர் அங்கை வாறது?" என்றார்கள் கிழக்கு மூலையில் இருந்த இல்ஃபோர்ட்காரர். ஆளையாள் முகம் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: கிளையைக் கலைத்துவிடுவது. விம்பிள்டன் முன்மொழிய, இல்ஃபோர்ட் வழிமொழிந்தது. யாப்பின்படி, செல்லுபடியான ஒரு எதிர்ப்பு இருந்தாலே கலைக்க முடியாது.

"நான் எதிர்க்கிறன்."

வழமைபோலச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

தலைவராக இருந்த இல்ஃபோர்ட் டொக்டர் கேட்டார்: "ஆரும் வழிமொழியிறீங்களோ?"

விம்பிள்டன்காரர் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினார்கள். அண்ணை நின்றபடியே நின்றார்.

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். "தலைவர் வழிமொழிய ஏலாது, என்ன அண்ணை?"

"ஏலாது. யாப்பிலை இருக்கு."

"அப்ப நான் இப்ப தலைவர் இல்லை." கதிரையை விட்டு இறங்கி வந்து எங்களோடு நின்றார். "வழிமொழியிறன்."

கிளை தப்பியது. எல்லாரும் அண்ணையைத் திரும்பிப் பார்த்தோம். அவர் சீருடைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பேசுங்கோ அண்ணை."

"என்னத்தைப் பேச? இவ்வளவு காலமும் ஒருத்தரும் வழிமொழியேல்லை. இதுக்குப் பிறகு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

எங்களில் பாதிப்பேர் கூட்டத்துக்குப் போனதே அவரைப் பார்க்கத்தான். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் எதிர்த்திருப்பார்.